வயிறு தாங்காத பூனைக்குச் சாப்பாடு தெரிந்தெடுப்பது எப்படி: பக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்கும் முறை

பூனை தின்றதைச் சத்தி எடுத்தால், அல்லது மலம் குழம்பாகப் போனால், உடனே கடைக்குப் போய் வேறு பக்கற் வாங்குவதுதான் வழக்கம். அது சரிவராவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று. இப்படி ஒரு மாதத்துக்குள் மூன்று நாலு சாப்பாடு மாற்றினால், எது வயிற்றைக் குழப்பியது என்று பிறகு ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. திடீர் மாற்றமே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். வயிறு தாங்காத பூனைக்கு இரண்டு வேலை செய்தால் போதும்: பக்கற்றின் பின்பக்கத்தை வடிவாக வாசிப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. விலை கூடிய சாப்பாடுதான் வேண்டும் என்றில்லை.

சாப்பாட்டில் பழி போட முன்

வன்னியில் வளரும் பூனைகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பவை அல்ல. முற்றம், வைக்கோல் போர், வயல் வரம்பு எல்லாம் அவற்றின் இடம். எலி, தவளை, பல்லி, ஓணான் என்று வெளியில் தின்பதை நாம் காண்பதில்லை. அதனால் முதலில் பூச்சியைப் பாருங்கள். வாலடியில் அல்லது மலத்தில் அரிசிமணி அளவில் வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளு மூலமும் எலி மூலமும் வரும். பூச்சி மருந்து கொடுத்தாலும் தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறை பார்த்து, பூனைக்கென்று உள்ள பூச்சி மருந்தே கொடுக்க வேண்டும். பல்லி தின்னும் பூனைக்கு ஈரல் தட்டைப்புழு பிடிக்க இடமுண்டு. வெப்ப நாடுகளில் இது தெரிந்த விசயம். சாப்பாட்டு மனமின்மை, சத்தி, மெலிவு, கண்ணிலும் முரசிலும் மஞ்சள் என்று அது காட்டும். எந்தப் பக்கற் மாற்றியும் இது தீராது.

அடுத்தது பால். குட்டிப் பருவம் தாண்டியதும் பாற்சீனியைச் செரிக்கும் நொதியம் பூனைக்குக் குறைந்துவிடும். பசுப்பாலானாலும் கரைத்த பால்மாவானாலும் விளைவு ஒன்றுதான். ஒரு வாரம் பாலை முழுக்க நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும்.

பிறகு, என்ன வெளியே வருகிறது என்று கவனியுங்கள். சாப்பிட்டுச் சில நிமிடத்துக்குள், செரியாத சாப்பாட்டு மணிகள் அப்படியே நீளமாக வந்து விழுந்தால் அவக் அவக்கென்று விழுங்கியிருக்கிறது. மற்றப் பூனைகளோடு போட்டி போட்டுத் தின்னும் இடங்களில் இது அதிகம். தனியிடத்தில், அகன்ற தட்டையான கோப்பையில் பரப்பி வைத்தால் குறையும். வயிறு குலுங்கி, மஞ்சள் நீரோடோ அரைபட்ட சாப்பாட்டோடோ வருவதுதான் சத்தி.

வயிற்றோட்டத்திலும் இரண்டு வகை உண்டு. பெரிய அளவில், தண்ணீராக, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை போய்ப் பூனையும் மெலிந்தால் கோளாறு சிறுகுடலில். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளி படர்ந்து போனால் பெருங்குடலில். முதல் வகைக்குச் சுலபமாகச் செரிக்கும் இறைச்சிப் புரதம் வேண்டும். இரண்டாவதுக்கு நார்ச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டு லேபலைத் திருப்பினால் எதைத் தேடுவது என்பது தெளிவாகும்.

முன்பக்கத்தில் நம்பத் தக்கது கொஞ்சம்தான்

மீன் படமும் 'சென்சிற்றிவ்' என்ற சொல்லும் எவரும் போடலாம். ஆனால் பெயரை எழுதும் விதத்துக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்றுமதிக்குச் செய்யும் பல நிறுவனங்களும் அதையொட்டி எழுதுகின்றன. 'ரூனா' என்று மட்டும் பெயர் இருந்தால், சேர்க்கும் தண்ணீரைக் கழித்து 95 சதவீதம் அந்த மீன் இருக்க வேண்டும். 'ரூனா டின்னர்' என்றால் 25 சதவீதம் போதும். 'வித் ரூனா' என்றால் 3 சதவீதம். 'ரூனா ஃபிளேவர்' என்றால் வாசம் தெரிந்தால் சரி, அளவே கிடையாது. மீன் ஒத்துக்கொள்ளாத பூனைக்குக் 'கோழி' என்று படம் போட்ட பக்கற்றை வாங்கினால் உள்ளே மீன்மா இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

முன்பக்கமோ பின்பக்கமோ, 'கம்ப்ளீட் அண்ட் பலன்ஸ்ட்' என்ற வாசகத்தைத் தேடுங்கள். அது இருந்தால் அதை மட்டும் கொடுத்து வளர்க்கலாம். 'கொம்ப்ளிமென்ரறி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ளக் கொடுப்பது, நாளாந்தச் சாப்பாடாகாது. சின்ன உறைகளில் வரும் குழம்பு மீன் வகைகளில் இந்த இரண்டும் கலந்தே கடையில் தொங்கும். எந்த வயதுக்கு என்பதையும் பாருங்கள். குட்டிக்கும் சினைப்பூனைக்கும் வளர்ந்த பூனைக்குரியது போதாது.

சாமான் பட்டியல்

பட்டியல் நிறைப்படி, கூடியதிலிருந்து குறைந்ததற்கு இறங்கி வரும். நிறுப்பது செய்யும் நேரத்தில், தண்ணீரோடு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பச்சைக் கோழியிறைச்சியில் 70 சதவீதம் வரை தண்ணீர். 'சிக்கன் மீல்' என்ற கோழிமாவில் தண்ணீர் ஏறக்குறைய 10 சதவீதத்துக்குள்தான். ஆகவே காய்ந்த மணிச் சாப்பாட்டில் முதலாவதாக 'சிக்கன்', இரண்டாவதாக 'கோர்ன்' என்று இருந்தால், காய்ந்த பிறகு முதலிடம் பெரும்பாலும் சோளத்துக்குத்தான். 'சிக்கன் மீல்' முதலாவது என்றால் அங்கே புரதம் உண்மையாகவே கூட.

கடையில் காணும் இரண்டு வகைப் பட்டியலை ஒப்பிடுவோம். ஒன்று இப்படிப் போகும்: கோர்ன், போல்ற்றி மீல், சோயாபீன் மீல், கோர்ன் குளூட்டன் மீல், ரைஸ் பிரான், அனிமல் ஃபட், ஃபிஷ் மீல், உப்பு, நிறங்கள். இதில் சோளம் இரண்டு பெயரில் வருகிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 'போல்ற்றி', 'அனிமல்' என்ற சொற்களுக்குள் எந்தப் பிராணி என்பது மறைந்துவிடுகிறது. இந்த மாதம் கோழி, அடுத்த மாதம் வேறு கலவை என்று மாறலாம். வயிறு தாங்காத பூனைக்கு அந்த மாற்றமே கூடாது. மற்றது இப்படி: சிக்கன் மீல், ரைஸ், சிக்கன் ஃபட், பீட் பல்ப் (பீற்கிழங்கின் நார்ச்சக்கை), ஃபிஷ் ஒயில், தோரின் (பூனைக்கு இன்றியமையாத அமினோ அமிலம்), விற்றமின்கள். பிராணி எதுவென்று தெரிகிறது, மாச்சத்து ஒன்றுதான், நார் எதுவென்றும் தெரிகிறது. பிழைத்தால் எது பிழைத்தது என்று தேட ஐந்து சாமான்தான் உண்டு. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும், நிறையில் சிறிய பக்கற்றாக இருந்தாலும்.

'பை-புரொடக்ற்' என்றால் கழிவு என்று பயப்பட வேண்டாம். ஈரல், இருதயம், சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் அதற்குள் வரும். எலியைப் பிடித்தால் பூனை தின்பதில் அவையும் அடங்கும். பார்க்க வேண்டியது, எந்தப் பிராணியின் உறுப்பு என்று பெயர் இருக்கிறதா என்பதே.

'கிரெய்ன் ஃப்ரீ' என்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க முன் யோசியுங்கள். அரிசியை எடுத்துவிட்டுப் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். பருப்பு வகை கூடினால் காற்றும் இளகிய மலமும் வரும். நன்றாக வெந்த அரிசியைப் பூனையின் குடல் செரித்துக்கொள்ளும். அளவு மிஞ்சும்போதுதான் செரியாத மாச்சத்து பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்து மலத்தை இளக்குகிறது.

சாப்பாட்டு ஒவ்வாமை உள்ள பூனைகள் பற்றி 2016 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், காரணமாக அதிகம் காணப்பட்டவை மாட்டிறைச்சி, மீன், கோழி என்ற வரிசையில் இருந்தன. சோளம், கோதுமை, பால் அதற்குக் கீழே. நம்மூரில் பூனை என்றால் மீன் என்ற எண்ணம் ஆழமாக இருப்பதால், மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறோம்.

நார்ச்சத்துக்கு 'பீட் பல்ப்', 'சைலியம்', 'சிக்கரி', 'இனுலின்', 'எஃப்.ஓ.எஸ்.' என்ற பெயர்கள் வரும். முதல் இரண்டும் மலத்தைக் கட்டியாக்க உதவும். மற்றவை குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவு. அளவு கூடினால் காற்றுப் பிடிக்கும். 'செலுலோஸ்' மலத்தின் அளவைக் கூட்டுமே தவிரக் குடலை ஆற்றாது. மொத்த நார் 3, 4 சதவீதம் என்றால் பொதுவாகப் போதும். 8க்கு மேல் போகும் சாப்பாடு நிறை குறைக்க அல்லது மயிருண்டைக்கு என்று செய்தது.

ரின்னிலும் உறையிலும் வரும் ஈரச் சாப்பாட்டில் குழம்பைத் தடிக்க வைக்க குவார் கம், சாந்தன் கம், கரகீனன் சேர்ப்பார்கள். சில பூனைகளுக்கு இதுவே மலத்தை இளக்கும். ஒரு வகை ஈரச் சாப்பாடு எந்த ருசியில் வாங்கினாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இறைச்சியைச் சந்தேகிக்க முன் அந்தக் கம் எதுவென்று பார்த்து, அது இல்லாத ஒன்றை முயலுங்கள்.

நிறம் பூனைக்குத் தேவையேயில்லை. சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்கு. 'புரொப்பிலீன் கிளைக்கோல்' என்று கண்டால் திரும்ப வைத்துவிடுங்கள். பூனையின் செங்குருதிக் கலத்தைக் கெடுக்கும் என்பதால் அமெரிக்கா 1996 இல் அதைப் பூனைச் சாப்பாட்டில் தடை செய்தது. மெதுமெதுப்பான நாய்த் தீனிகளில் அது இருக்கலாம். நாய்ச் சாப்பாட்டைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கு அது ஒரு காரணம். தோரின் போதாது என்பது அதைவிடப் பெரிய காரணம். தோரின் குறைந்தால் பூனைக்குக் கண் பார்வையும் இருதயமும் கெடும்.

சின்னக் கணக்கு ஒன்று

மணிச் சாப்பாட்டில் புரதம் 30 சதவீதம், ரின்னில் 9 சதவீதம் என்று கண்டதும் மணிதான் சத்து என்று நினைக்கிறோம். தண்ணீரைக் கழித்தால்தான் ஒப்பிட முடியும். 100 இலிருந்து 'மொயிஸ்ச்சர்' என்ற ஈரத்தைக் கழித்து, வருவதால் புரதத்தை வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள்.

மணி: ஈரம் 10, புரதம் 30. 30 ÷ 90 × 100 = 33.
ரின்: ஈரம் 84, புரதம் 9. 9 ÷ 16 × 100 = 56.

வளர்ந்த பூனைக்கு அமெரிக்க அளவுகோல் குறைந்தது 26, குட்டிக்கு 30. வயிறு தாங்காத பூனைக்கு 35க்கு மேல் இருந்தால் நல்லது.

மாச்சத்தை லேபலில் எழுதமாட்டார்கள். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ('ஆஷ்' என்று எழுதும் தாதுப்பொருள்) ஐந்தையும் கூட்டி 100 இலிருந்து கழியுங்கள். அந்த மணியில் கொழுப்பு 10, நார் 4, சாம்பல் 8 என்றால் மாச்சத்து 38. ஈரம் கழித்துப் பார்த்தால் 42. வயிற்றோட்டம் உள்ள பூனைக்கு இது கூட. 30க்குக் கீழே உள்ளதைத் தேடுங்கள். சாம்பல் எழுதப்படாவிட்டால் மணிக்கு 7, ரின்னுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். கொழுப்பைக் கண்டு நாய்க்குப் பயப்படுவது போல் பூனைக்குப் பயப்படத் தேவையில்லை. பழுதான கொழுப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

நிறுத்து விற்கும் மணி

பெரிய மூடையை அவிழ்த்து, வெறும் பொலித்தீன் பையில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி விற்பதை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் காணலாம். விலை குறைவு. ஆனால் அந்தப் பையில் சாமான் பட்டியல் இல்லை, திகதி இல்லை, மூடை எப்போது திறந்தது என்பதும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே கோடை வெயிலில் மணியின் மேல் பூசிய கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போகும். காறிய கொழுப்பே சத்திக்கும் வயிற்றோட்டத்துக்கும் போதுமான காரணம். மாரியில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல வயிறுள்ள பூனை இதைத் தாங்கலாம். உங்கள் பூனை தாங்காது.

ஒரு மணியை உள்ளங்கையில் நசுக்கி மணந்து பாருங்கள். இறைச்சி வாசமோ மீன் வாசமோ வந்தால் சரி. பெயின்ற் வாசம், பழைய பொரித்த எண்ணெய் வாசம் வந்தால் கொடுக்க வேண்டாம். நொருங்காமல் வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

நாலு கிலோ நிறையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 50 இலிருந்து 60 கிராம் மணி போதும். ஒரு கிலோ பக்கற் ஏறக்குறைய 18 நாள் வரும். அதனால் ஒற்றைப் பூனைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வாங்கினால் கடைசிப் பகுதி பழுதாகலாம். மணியைப் பேணியில் கொட்டாமல், பக்கற்றோடு சுருட்டிக் கட்டி, மூடியுள்ள பேணிக்குள் வையுங்கள். கொட்டி வைத்தால் பேணியின் ஓரத்தில் ஒட்டும் பழைய கொழுப்பு புதிய மணியையும் கெடுக்கும். லேபலும் கைவிட்டுப் போகும். ரின் திறந்தால் வெளியில் அரை மணி நேரம். மிச்சம் குளிரூட்டியில் இரண்டு நாள். மின்சாரம் நீண்ட நேரம் போன நாளில் மிச்சத்தை வீசிவிடுங்கள். எறும்புக்குச் சாப்பாட்டுக் கோப்பையைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற தட்டத்துக்குள் வைத்தால் போதும். சுற்றிவர எறும்புத்தூள் போட வேண்டாம், காலில் பட்டு நக்கிவிடும்.

சொதிச் சோறும் மீன் தலையும்

வீட்டுச் சாப்பாட்டில் பெரிய எதிரி வெங்காயமும் உள்ளியும். சொதியிலும் குழம்பிலும் அவை கரைந்தே இருக்கும். துண்டைப் பொறுக்கி எறிந்தால் போகாது. சமைத்தாலும் காய்ந்தாலும் பூனையின் குருதிக் கலத்தைச் சிதைக்கும். தேங்காய்ப்பாலும் மிளகாயும் வயிற்றைக் கிளப்பும். கருவாட்டில் உப்பு மிகக் கூட. பச்சை மீனில், சில இனங்களில், விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் உண்டு. நாளாந்தம் தின்றால் தலை கீழே தொங்கி வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். எனவே மீனை அவித்து, முள் எடுத்து, உப்பில்லாமல் கொடுங்கள். கோழி ஈரலை வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, ஒரு மேசைக்கரண்டிக்குள் நிறுத்துங்கள். நாளாந்த ஈரல் விற்றமின் ஏ யை மிஞ்சவைத்துக் கழுத்தெலும்பை இறுக்கும்.

வயிறு குழம்பிய நாட்களுக்கு: தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சியை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் அவித்து நாராகப் பிய்க்கவும். நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு இறைச்சி 100 கிராம், குழைந்த வெள்ளைச் சோறு 30 கிராம், நாலு வேளையாக. அவித்த தண்ணீரையும் ஊற்றுங்கள். தோரின் அதில்தான் இறங்கியிருக்கும். கோழி இருதயம் இரண்டு சேர்த்தால் இன்னும் நல்லது. சளியோடு முக்கிப் போகும் பூனைக்கு மசித்த பூசணிக்காய் வேளைக்கு ஒரு தேக்கரண்டி. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் இதையே கொடுத்தால் கல்சியமும் மற்றச் சத்துகளும் போதாமல் போகும்.

மாற்றும் முறை

தெரிந்தெடுத்த சாப்பாட்டைப் பழையதோடு கலந்துதான் தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு. அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு. பிறகு மூன்று நாள் முக்கால். பத்தாம் நாள் முழுவதும். மலம் இளகினால் முன்னைய அளவுக்குத் திரும்பி, கட்டியான பின் மூன்று நாள் பொறுத்து மீண்டும் ஏறுங்கள். இந்த நாட்களில் பால், பிஸ்கற், மேசை மிச்சம் எதுவும் கூடாது. நாளேட்டில் திகதி, என்ன கொடுத்தது, மலம் எப்படி, சத்தி உண்டா என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முழுவதும் மாற்றிய பின் இரண்டு மூன்று வாரம் பொறுத்துத்தான் சரி, பிழை சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால், பூனை இதுவரை தின்னாத ஒரே இறைச்சியில் பரீட்சை செய்யலாம். மீனும் கோழியும் தின்று வளர்ந்ததற்கு ஆட்டிறைச்சி பொருந்தும். அவித்து, கொழுப்பு நீக்கி, இரண்டு மூன்று வாரம். இதிலும் கல்சியம் போதாது என்பதால், பரீட்சைக்காக மட்டும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம். சரியானால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். சில நாளில் கோளாறு திரும்பினால் காரணம் உறுதி. பரீட்சைக் காலத்தில் பூனையை ஒரு அறைக்குள் வைத்திருக்க முடியாவிட்டால் இதைத் தொடங்க வேண்டாம். பக்கத்து வீட்டு நாய்க் கோப்பையில் ஒரு வாய் தின்றாலே பலன் குழம்பிவிடும். அயலுக்கும் சொல்லி வையுங்கள்.

வைத்தியரிடம் எப்போது

மலத்தில் இரத்தம், கறுப்பான தார் போன்ற மலம், ஒரு நாளில் மூன்று நாலு தடவை சத்தி, வெளிறிய அல்லது மஞ்சள் முரசு, பிடரித் தோலை இழுத்து விட்டால் மெதுவாகத் திரும்புவது: இவற்றில் ஒன்று கண்டாலும் சாப்பாடு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குட்டிக்கு வயிற்றோட்டத்தோடு சோர்வும் இருந்தால் அன்றே போக வேண்டும். தடுப்பூசி போடாத குட்டியில் அது உயிர் போகும் வைரசு நோயாக இருக்கலாம். வளர்ந்த பூனை, அதிலும் கொழுத்தது, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறலாம். பட்டினி போட்டு வயிற்றை ஆற்றும் முறை பூனைக்குப் பொருந்தாது. வீட்டிலிருக்கும் பரசிற்றமோலில் அரைக் குளிசை கூடப் பூனையைக் கொன்றுவிடும். மனிதருக்குரிய வயிற்றோட்டக் குளிசையும் கொடுக்க வேண்டாம்.

அரச கால்நடை வைத்திய அலுவலகமானாலும் தனியார் வைத்தியரானாலும், போகும்போது பக்கற்றின் பின்பக்கத்தை, சாமான் பட்டியலும் தொகுதி இலக்கமும் தெரிய, ஃபோனில் படமெடுத்துச் செல்லுங்கள். நாளேட்டையும் கொண்டு போங்கள். அன்று காலை போன மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவை மூடியுள்ள சுத்தமான சின்னப் போத்தலில் எடுத்து, வெயில் படாமல் கொண்டுபோனால் புழுவும் ஒருகல உயிரிகளும் அன்றே பார்க்க முடியும்.